புகார் பொத்தானை அழுத்திய பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது?

இரவுப்பறவை எழுதியது:

ஐந்து பேர் ஓர் அணியாக ஆடும் துப்பாக்கி ஆட்டம் ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். ஆட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த இழை அதன் ரசிகர்களுக்கும் எதிரிகளுக்கும் இடையிலான சண்டையாகிவிடும். கடந்த மூன்று வாரங்களில் ஒரே ஆளை நான்கு முறை எதிரணியில் சந்தித்தேன். நான்கு முறையும் அவர் வால்ஹேக், அதாவது சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் ஏமாற்று மென்பொருள், வைத்து ஆடுகிறார் என்று புகார் செய்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நகரும்போதே, அந்தப் பக்கம் அவருடைய துப்பாக்கிக் குறி என் தலையோடு சேர்ந்து நகர்வதை, நான் இறந்த பிறகு காட்டப்படும் மறுகாட்சியில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒவ்வொரு முறையும் "உங்கள் புகாருக்கு நன்றி" என்ற ஒற்றை வரி வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். நேற்று இரவும் அவர் அதே பெயரில், அதே தரவரிசையில் ஆடிக்கொண்டிருந்தார். இந்தப் புகார்களை எவரேனும் படிக்கிறார்களா, அல்லது நம் கோபம் தணியட்டும் என்பதற்காக மட்டும் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

பதிவுக்குறிப்பு எழுதியது:

ஒரு சிறிய ஆட்ட நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். படிக்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் படிப்பதில்லை.

காலையில் கணினியைத் திறந்தால் வரிசையாகப் புகார்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் போட்டி எண், புகார் செய்தவரின் கணக்கு எண், புகாருக்கு ஆளானவரின் கணக்கு எண், எந்த வகைப் புகார் என்ற குறி, கடைசியாக ஆட்டக்காரர் தம் கைப்பட எழுதிய குறிப்பு ஆகியவை இருக்கும். அந்தக் குறிப்பு பெரும்பாலும் காலியாக இருக்கும். இல்லையென்றால் "ஹேக்கர்" என்ற சொல் மூன்று முறையும் வசைச்சொல் ஒரு முறையும் இருக்கும். புகார் வந்த நேரத்தைப் போட்டியின் பதிவோடு ஒப்பிட்டால், புகார் செய்தவர் ஆட்டத்தில் செத்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நானும் ஆடுகிறவன்தான், நானும் அப்படித்தான் பொத்தானை அழுத்துவேன். ஆனால் அந்த மனநிலையில் எழுதப்பட்டதை வைத்து மட்டும் ஒருவருடைய கணக்கை மூட முடியாது. உள்ளே இருப்பவர்களுக்குப் புகார் என்பது இந்தப் போட்டியைக் கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டப்படும் விரல் மட்டுமே.

இதற்குப் பொதுவெளியில் உள்ள புள்ளிவிவரம் ஒன்று உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013இல் 'ஓவர்வாட்ச்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களிடமே புகாருக்குள்ளான போட்டியின் எட்டுச் சுற்றுகள் பதிவாகக் கொடுக்கப்பட்டன. ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சந்தேக நபர்' என்று மட்டும் இருந்தது. பேச்சும் அரட்டையும் நீக்கப்பட்டிருந்தன. பார்த்துவிட்டு, ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறதா, போதிய ஆதாரம் இல்லையா என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் அதே நிறுவனம் 'வாக்நெட்' என்ற இயந்திரக் கற்றல் அமைப்பை உருவாக்கி, அதைப் பற்றி 2018இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் விளக்கியது. ஆட்டக்காரர்களின் புகார் வழியாக வந்த வழக்குகளில் குற்றம் உறுதியானது 15 முதல் 30 விழுக்காடு வரை; இயந்திரம் தேர்ந்தெடுத்து அனுப்பியவற்றில் அது 80 முதல் 95 விழுக்காடு வரை. இயந்திரம் பார்த்ததெல்லாம், சுடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் ஆட்டக்காரரின் பார்வைக் கோணம் எப்படித் திரும்பியது என்பது போன்ற சங்கதிகளைத்தான். அதற்குத் தோற்ற கோபம் இல்லை.

உங்களிடம் ஒரு கேள்வி, இரவுப்பறவை. இந்த மூன்று வாரங்களில் மொத்தம் எத்தனை பேர்மீது புகார் செய்தீர்கள்?

சிற்றலை எழுதியது:

பதிவுக்குறிப்பு சொல்வது ஆட்களைப் பார்த்து முடிவெடுப்பதைப் பற்றியது. ஆனால் ஹேக் மென்பொருளையே அடையாளம் கண்டுகொள்ளும் அமைப்புகள் இருக்கின்றனவே. அவை கண்டுபிடித்த மறுநிமிடமே தடை விதிப்பதற்கு என்ன தயக்கம்? மூன்று வாரம் என்பது அந்த ஆளுக்கு எத்தனையோ போட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒன்பது பேருடைய மாலைப்பொழுது பாழ்.

பதிவுக்குறிப்பு எழுதியது:

நியாயமான கேள்வி. தாமதம் பெரும்பாலும் சோம்பலால் வருவதில்லை, திட்டமிட்டே செய்யப்படுகிறது.

ஹேக் விற்பவரும் ஒரு வியாபாரிதான். மாதச் சந்தா வாங்குகிறார், வாடிக்கையாளர் சேவை தருகிறார், புதிய பதிப்பை வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனைக் கணக்கில் ஓட்டிப் பார்க்கிறார். அந்தச் சோதனைக் கணக்குப் பத்து நிமிடத்தில் மூடப்பட்டால், தாம் கடைசியாக மாற்றிய வரிதான் பிடிபட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மாலைக்குள் அதைத் திருத்திவிடுவார். அதே கணக்கு மூன்று வாரம் கழித்து ஆயிரக்கணக்கான கணக்குகளோடு சேர்ந்து மூடப்பட்டால், இடையில் அவர் வெளியிட்ட ஐந்தாறு பதிப்புகளில் எது காட்டிக்கொடுத்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதோடு அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்பார்கள். 2002 முதல் இயங்கும் வால்வின் 'வாக்' என்ற ஏமாற்றுத் தடுப்பு அமைப்பு இதனாலேயே தடைகளைத் தாமதித்து விதிக்கிறது. 

இதைவிட அழகான பொறி ஒன்று 2023 பிப்ரவரியில் வைக்கப்பட்டது. வால்வ் நடத்தும் டோட்டா 2 ஆட்டத்துக்கான ஒரு புதுப்பிப்பில், சாதாரணமாக ஆடும்போது ஒருபோதும் படிக்கப்படாத தரவுப் பகுதி ஒன்றை ஓசையின்றிச் சேர்த்தார்கள். நினைவகத்தைத் துழாவும் ஹேக் மட்டுமே அந்த இடத்தைத் தொட முடியும். தொட்டவர்களைக் குறித்துக்கொண்டே வந்து, 40,000க்கும் மேற்பட்ட கணக்குகளை ஒரே வீச்சில் மூடினார்கள். பூட்டிய வீட்டில் யாரும் திறக்கக் காரணமில்லாத பெட்டியின் மேல் மாவைத் தூவி வைத்துவிட்டு, மறுநாள் யார் விரலில் மாவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது போல.

ஆனால் காத்திருக்கும் நாட்களில் பாழாகும் போட்டிகளுக்கு என்ன பரிகாரம் என்ற உங்கள் கேள்விக்கு இது முழு விடையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தேகத்துக்குரியவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது ஒரு வழி. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2017இல் வந்த நம்பக மதிப்பீடு ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. 'ஃபால் கைஸ்' ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களுக்கென்றே தனித் தீவு ஒன்றை வைத்திருந்ததாக 2020இல் அதன் உருவாக்குநர்களே சொன்னார்கள்.

கரும்பலகை எழுதியது:

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். ஹேக் என்றால் என்னவென்றே தெரியாத நான் தடை வாங்கியிருக்கிறேன்.

ஒரு காலையில் ஆட்டத்தைத் திறந்தபோது, அனுமதியற்ற மென்பொருளைப் பயன்படுத்தியதால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று திரையில் வந்தது. எந்த மென்பொருள், எந்தப் போட்டி, எந்த நாள் என்று எதுவும் இல்லை. மேல்முறையீடு செய்தேன். "மீளாய்வு செய்தோம், முடிவில் மாற்றமில்லை" என்று நான்கு மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதினேன், எழுத்துக்கு எழுத்து அதே பதில். மூன்றாவது முறை, என் கணினியில் ஓடும் நிரல்களின் பட்டியலை எடுத்து, விசைப்பலகையின் விளக்கு நிறத்தை மாற்றும் ஒரு சிறு நிரல் சந்தேகத்துக்கு இடமளித்திருக்குமோ என்று கேட்டு எழுதினேன். 19ஆம் நாள் கணக்கு திரும்ப வந்தது. காரணமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த 19 நாட்களில், என்னோடு இரண்டு ஆண்டுகள் ஆடிய நண்பர்களில் ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "உண்மையைச் சொல்லுங்கள், பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டார். கணக்கு போனதைவிட அதுதான் வலித்தது.

என்னுடையது தனி நிகழ்வு என்று நினைக்க வேண்டாம். 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறக்குறைய 12,000 பேருக்கு வாக் அமைப்பு தவறாகத் தடை விதித்தது. வால்வ் அதை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கு இன்னோர் ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தது. 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் தாமதத்தைக் குறைக்கும் புதிய வசதி ஒன்றைத் தந்தது. அது ஆட்டத்தின் உள் நிரல்களிலேயே கை வைத்ததால், அதை இயக்கிய கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டக்காரர்கள் தடைக்கு ஆளானார்கள். டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். இந்த இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டமாக இருந்ததால் குரல் எடுபட்டது. ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்டவனின் கதி என்ன?

இரவுப்பறவை எழுதியது:

கரும்பலகை, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆயினும் நூறு பேரில் ஒருவருக்குத் தவறாகத் தடை விழும் என்ற அச்சத்தில், மீதி 99 ஏமாற்றுக்காரர்களை விட்டுவைக்கலாமா?

கரும்பலகை எழுதியது:

நூற்றுக்கு ஒன்று என்பது சிறியதாகத் தோன்றுகிறது, இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தை 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள், அவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10,000 ஏமாற்றுக்காரர்கள், 9,90,000 நேர்மையானவர்கள். கண்டுபிடிக்கும் அமைப்பு 99 விழுக்காடு சரியானது, இரு பக்கமும் நூற்றுக்கு ஒரு முறைதான் தவறும். ஏமாற்றுக்காரர்களில் 9,900 பேர் பிடிபடுவார்கள். நேர்மையானவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்றால் அதுவும் 9,900 பேர். தடை வாங்கியவர்களில் சரிபாதிப் பேர் குற்றமற்றவர்கள்! 99 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அமைப்பின் இலட்சணம் இது.

பதிவுக்குறிப்பு எழுதியது:

கரும்பலகையின் கணக்கை என் பழைய மேலாளர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே பலகையில் எழுதிக் காட்டுவார். அதனால்தான் எங்கள் பிரிவில் எவரும் ஒரே சான்றை வைத்து நிரந்தரத் தடை விதிக்கத் துணிவதில்லை. இயந்திரத்தின் சந்தேகம், புகார்கள், மனிதரின் பார்வை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம். புகார்களையும் வெறுமனே எண்ணுவதில்லை. ஒரே குழுவாக வந்த ஐந்து பேர் ஒருவரைப் பற்றிப் புகார் செய்தால் அது எங்களுக்கு ஒரு புகார். முன்பு செய்த புகார்கள் பெரும்பாலும் உண்மையென்று நிரூபணமானவருடைய புகார் வரிசையில் முன்னால் வரும். எல்லார் மீதும் புகார் செய்கிறவருடையது பின்னால் போகும். இல்லாவிட்டால், நேரலையில் ஆடும் ஒரு பிரபலம் தன்னைத் தோற்கடித்தவரை நோக்கி விரலை நீட்டினால் போதும், பத்தாயிரம் ரசிகர்கள் சேர்ந்து அந்த அப்பாவியின் கணக்கை மூடிவிடுவார்கள்.

ஆட்டக்காரர்கள் கையிலேயே தீர்ப்பைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2011 முதல் 2014 வரை 'டிரிப்யூனல்' என்ற மன்றம் இருந்தது. வசை பாடியவர்கள், வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்தவர்கள் ஆகியோரின் பதிவுகளைப் படித்து ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். அரட்டையைப் படித்து வசையா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியும். குறி நகர்ந்த விதத்தைப் பார்த்து வால்ஹேக்கா, அனுபவமா என்று சொல்வது வேறு வேலை. நல்ல ஆட்டக்காரர் எதிரி எங்கே இருப்பார் என்று ஊகித்து, தலை இருக்கக்கூடிய உயரத்திலேயே குறியை வைத்துக்கொண்டுதான் மூலையைத் திரும்புவார். புதியவர் கண்ணுக்கு அது அப்படியே ஹேக் மாதிரிதான் தெரியும்.

இருமக்குறி எழுதியது:

நான் ஆட்டக்காரன் என்பதைவிட நிரலாளன். பிடிப்பது, தண்டிப்பது என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிடிக்கும் வேலைக்காக நம் கணினியில் எதை அனுமதித்திருக்கிறோம் என்பதைப் பற்றி எவரும் பேசவில்லை.

ரயட் நிறுவனம் 2020இல் வாலரண்ட் ஆட்டத்தோடு கொண்டுவந்த 'வேன்கார்ட்' என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், இயக்க அமைப்பின் கர்னலில், அதாவது கணினியின் மிக உயர்ந்த அதிகாரம் உள்ள அடுக்கில், கணினி தொடங்கும்போதே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 1,00,000 டாலர் வரை பரிசு என்று அறிவித்தார்கள், அதைப் பாராட்டுகிறேன். 2024இல் அதே வேன்கார்ட் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்தபோது, லினக்ஸ் இயக்க அமைப்பில் அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. கர்னலுக்குள் ஹேக் நுழைந்துவிட்டால் அதற்கு மேலிருந்து பார்க்கிற எதுவும் அதைக் காண முடியாது என்ற அவர்களுடைய வாதம் தொழில்நுட்ப ரீதியில் சரியே.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கென்ஷின் இம்பேக்ட் ஆட்டத்தின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரலைப் பரப்பும் கும்பல் ஒன்று, பாதுகாப்பு மென்பொருட்களைக் கொல்வதற்கான ஆயுதமாகப் பயன்படுத்தியதை 2022இல் டிரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்த டிரைவருக்கு நம்பகமானது என்று காட்டும் முறையான மின்கையொப்பம் இருந்ததால், ஆட்டமே நிறுவப்படாத கணினியிலும் அதைக் கொண்டுபோய் இயக்க முடிந்தது. காவலாளியின் சாவிக்கொத்தைத் திருடன் எடுத்துப்போன கதைதான். இத்தனைக்குப் பிறகும், கணினியில் ஒரு கார்டைச் செருகி, அதன் வழியே நினைவகத்தை இரண்டாவது கணினிக்கு அனுப்பி, அங்கே எதிரிகளின் இருப்பிடத்தை வரைந்து பார்க்கும் வன்பொருள் ஹேக்குகள் வந்துவிட்டன. முதல் கணினியில் ஹேக் நிரல் என்று எதுவுமே ஓடாது.

என்னைக் கேட்டால், ஆட்டக்காரரின் கணினிக்கு ரகசியத்தையே அனுப்பாமல் இருப்பதுதான் முதல் வேலை. சுவருக்குப் பின்னால் நிற்பவரின் இருப்பிடம் உங்கள் நினைவகத்தில் இருப்பதால்தான் வால்ஹேக் அதைப் படிக்கிறது. எதிரி கண்ணில் படப்போகும் கணம் வரை சர்வர் அந்தத் தகவலைத் தராமல் வைத்துக்கொண்டால், திருட அங்கே என்ன இருக்கும்? வாலரண்டில் இதைச் செய்கிறார்கள். சொல்வது எளிது, செய்வது கடினம். சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தைக் கணக்கிடும் நிலையில், பத்துப் பேரில் யார் யாரைப் பார்க்க முடியும் என்பதையும் கூடவே கணக்கிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எதிரி வெறுங்காற்றிலிருந்து முளைத்தது போலத் தோன்றுவார். கொஞ்சம் முந்தினால் ஹேக்குக்கு அந்தச் சிறு அவகாசமே போதும். காலடி ஓசை கேட்க வேண்டிய தூரத்தில் இருப்பவரைப் பற்றி ஓரளவாவது சொல்லித்தான் ஆக வேண்டும். தானாகக் குறி வைக்கும் எய்ம்பாட் ஹேக்கை இந்த வழி தடுக்காது என்பதும் உண்மை. கண்ணுக்குத் தெரியும் எதிரியைத்தானே அது சுடுகிறது.

சிற்றலை எழுதியது:

சட்டத்தை விட்டுவிட்டீர்களே. தென் கொரியாவில் 2017 முதல் ஹேக் உருவாக்கி விற்பதற்குச் சிறைத் தண்டனை உண்டு. சீனாவில் 2021இல் காவல்துறையும் டென்சென்ட் நிறுவனமும் சேர்ந்து, பல நாடுகளுக்கு ஹேக் விற்ற பெரிய வலையமைப்பு ஒன்றைப் பிடித்தன. அமெரிக்காவில் நிறுவனங்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு வெல்கின்றன.

இருமக்குறி எழுதியது:

விற்பவர்களுக்கு அது பொருந்தும். இரவுப்பறவை சொல்லும் ஆள் அதை வாங்கியவர், அவரைத் தேடி எந்தக் காவலரும் வரப்போவதில்லை.

இரவுப்பறவை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ரகசியம் காக்க வேண்டிய காரணம் புரிகிறது. எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்ல வேண்டாம், பிடித்தீர்களா என்று மட்டுமாவது சொல்லலாமே? கரும்பலகைக்கும் அதே குறைதான், எனக்கும் அதே குறைதான். ஒருவர் புகார் செய்தவர், மற்றவர் தண்டிக்கப்பட்டவர், இருவருக்கும் கிடைத்தது ஒரே மாதிரியான அச்சடித்த வரி.

பதிவுக்குறிப்பு எழுதியது:

இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்; நான் வேலை பார்த்த இடத்தில் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன். ஹேக் விற்பவரிடம் காக்க வேண்டிய மௌனத்தை ஆட்டக்காரரிடமும் காப்பது பழக்கதோஷமே தவிர வேறல்ல. பல ஆட்டங்களில் இப்போது, நீங்கள் புகார் செய்த ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அறிவிப்பு வருகிறது. நாங்கள் அதைச் சேர்த்த பிறகு, எந்தச் சுற்று, எந்த இடம் என்று குறித்து எழுதும் புகார்கள் வரத் தொடங்கியதை நான் பார்த்தேன். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் ஒழுங்காக எழுதுகிறார்கள். மேல்முறையீட்டில் மட்டும் நாங்கள் கடைசிவரை தேறவில்லை. தடை விதித்தவரே மேல்முறையீட்டையும் பார்த்தார், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. கரும்பலகைக்கு நான்கு மணி நேரத்தில் பதில் வந்ததென்றால், அதை ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நான் ஊகிப்பேன்.

இரவுப்பறவை, அந்த நான்கு போட்டிகளின் பதிவும் உங்களிடம் இருந்தால், உங்கள் கண் வழியாகப் பார்க்காமல், அவருடைய கண் வழியாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவர் குறி எங்கே போகிறது என்பதோடு, அந்த நேரத்தில் அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இரவுப்பறவை எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். கால் வேகத்தில் ஓட்டினேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று.

முதல் போட்டியில் நான் இறந்த இடத்துக்கு மூன்று நொடி முன்பு, அவருடைய கூட்டாளி ஒருவர் என்னைப் பார்த்து வரைபடத்தில் குறி போட்டிருக்கிறார். இரண்டாவதில் நான் இரும்புத் தரையில் தடதடவென்று ஓடியிருக்கிறேன். அவர் பக்கத்து ஒலியில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, எனக்கே வெட்கமாகிவிட்டது. நான்காவதில் அவர் என்னைப் பார்க்கவேயில்லை, வேறு எவரையோ எதிர்பார்த்துக் குறி வைத்திருந்த இடத்தில் நான் போய் நின்றிருக்கிறேன்.

மூன்றாவதுதான் விளங்கவில்லை. ஏழாவது சுற்று. நான் குனிந்து, ஓசையே இல்லாமல் நகர்கிறேன். எங்களுக்கு இடையில் இரண்டு சுவர்கள். அவருடைய குறி என்னோடு இடப்பக்கம் வருகிறது. நான் நின்றதும் நிற்கிறது. நான் வந்த வழியே பின்வாங்கியதும் அதுவும் பின்வாங்குகிறது. இதைப் பதினைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆகவே போட்டி எண், சுற்று எண், சுற்றில் எஞ்சியிருந்த நேரம், இரண்டு சுவர்கள் என எல்லாவற்றையும் எழுதி ஒரே ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். மற்ற மூன்று போட்டிகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பதிவுக்குறிப்பு எழுதியது:

அப்படி ஒரு புகார் என் மேசைக்கு வந்திருந்தால், அன்று காலையில் முதலில் திறந்திருப்பேன்.

இரவுப்பறவை எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். இன்று ஆட்டத்தைத் திறந்தவுடன் ஓர் அறிவிப்பு வந்தது: "நீங்கள் அண்மையில் புகார் செய்த ஆட்டக்காரர் ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது." எவர்மீது என்று அதில் இல்லை.

பதிவுக்குறிப்பு தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். இன்று போய் எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று வாரங்களில் நான் புகார் செய்தது 11 பேர்மீது.